அரணைக்கு அலறுகிறோம், அரளியை வாசலில் வளர்க்கிறோம்

அரணை கடித்தால் மரணம் என்று கேள்விப்படாமல் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் குறைவு. எதுகை அவ்வளவு பொருத்தமாக விழுந்துவிட்டதால் அந்தப் பொய்யை யாராலும் அசைக்க முடியவில்லை போலும். அரணைக்கு நஞ்சு கிடையாது. மண்ணுளிப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும் என்பார்கள். அதற்கும் நஞ்சு கிடையாது. சாரைக்கும் கிடையாது. பல்லி விழுந்த சாப்பாடு என்றதும் ஊரே அலறும். நம் வீட்டுப் பல்லியிடம் நஞ்சு இல்லை, கிருமிகள் வேண்டுமானால் இருக்கலாம்.

இவற்றைக் கண்டால் கம்பைத் தேடுகிற நாம்தான் வாசலில் அரளி வைக்கிறோம். களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணியில் கண் பதிக்கிறோம். வேலியில் படர்ந்த செங்காந்தள் பூவைப் பறித்துக் குழந்தை கையில் கொடுக்கிறோம். மழைக்கால இரவில் தரையில் பாயை விரித்து, கதவிடுக்கைக் கவனிக்காமல் தூங்கிவிடுகிறோம். உயிருக்கு ஆபத்து இருப்பது இந்தப் பட்டியலில்தான்.

அரளியை வெட்டுங்கள், காந்தளைப் பிடுங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டும் அழகான செடிகள், இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்று ஆபத்தானதா இல்லையா என்பதை அதன் முகத்தையும் அது தரும் வலியையும் வைத்தே நாம் எடைபோடுகிறோம். நஞ்சு வேலை செய்யும் இடமோ வேறு. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நஞ்சு என்ன செய்கிறது?

அமிலம் கையில் பட்டால் தோல், துணி, மரம் என்று பார்க்காமல் எதைத் தொட்டாலும் அரிக்கும். இயற்கையின் கொடிய நஞ்சுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. உடம்பில் ஆயிரக்கணக்கான வேலைகள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. நஞ்சு அவற்றில் ஒரே ஒரு வேலையைத் தேடிப் போய் நிறுத்துகிறது. மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறது. அதனால்தான் மிகச் சிறிய அளவே போதுமானதாக இருக்கிறது. அதனால்தான் வெளியில் காயமோ வீக்கமோ இல்லாமலும் ஒருவர் சாகக் கிடக்க முடிகிறது.

நஞ்சு உள்ளே வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பாம்பும் தேளும் பல்லாலோ கொடுக்காலோ குத்திச் செலுத்துகின்றன. செடியும் சில மீன்களும் குத்துவதில்லை. நாம் தின்றால்தான் அவற்றின் நஞ்சு உள்ளே போகும். பாம்பின் நஞ்சு பெரும்பாலும் புரதம். வயிற்றுக்குள் போனால் மற்ற புரதங்களைப் போல அதுவும் செரித்துவிட வாய்ப்பு அதிகம், அதனால் அதற்கு ஊசி போன்ற பல் தேவைப்படுகிறது. (வாயில் ஒரு சிறு புண் இருந்தாலும் இந்தக் கணக்கு பொய்த்துவிடும், யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.) செடிகளின் நஞ்சுகள் பெரும்பாலும் சின்னஞ்சிறு மூலக்கூறுகள். குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிடும்.

ஓடாத மோட்டார்

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கிறது. மோட்டார் கிணற்றடியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வயர் ஓடுகிறது. வயர் மோட்டாரில் சேரும் இடத்தில் ஒரு கனெக்‌ஷன் பெட்டி. ஒருநாள் சுவிட்சைப் போட்டும் தண்ணீர் ஏறவில்லை. வயருக்குள் மின்சாரம் பாயாமல் இருக்கலாம், பெட்டியில் கனெக்‌ஷன் விட்டுப் போயிருக்கலாம், மோட்டாரே பழுதாகியிருக்கலாம். புகையில்லை, நாற்றமில்லை, சத்தமில்லை. தொட்டி காலியான பிறகுதான் நமக்கே தெரியும்.

மூளைதான் சுவிட்ச். நரம்பு வயர், தசை மோட்டார். ஒரே ஒரு வித்தியாசம்: நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவில் நூலிழையைவிடப் பலமடங்கு மெல்லிய ஓர் இடைவெளி இருக்கிறது. இந்த இடத்துக்கு நரம்பு–தசைச் சந்திப்பு என்று பெயர். நரம்பின் முனைவரை மின்துடிப்பாக வந்த செய்தி, அங்கே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளாக மாறி இடைவெளியைத் தாண்டுகிறது. தசையின் மேல் அதை வாங்கிக்கொள்ள ஏற்பிகள் காத்திருக்கின்றன. ஏற்பி என்பது குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதம்.

நாம் மூச்சுவிடுவதும் இப்படித்தான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசைக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் நரம்பு வழியாகக் கட்டளை வர வேண்டும். இதயம் அப்படியில்லை. அது தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நரம்பு அதை வேகப்படுத்தவோ தணிக்கவோ மட்டும் செய்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நஞ்சு ஒரு குறிப்பிட்ட வேலையைத் தாக்குகிறது, வயர், கனெக்‌ஷன், மோட்டார் என மூன்று இடங்களில் எது போனாலும் விளைவு உயிராபத்து, இவற்றில் எதற்கும் வலி கட்டாயமில்லை.

கனெக்‌ஷனை அறுப்பது: கட்டுவிரியன்

கட்டுவிரியன் பார்க்கச் சாதுவான பாம்பு. பாம்பு என்றாலே பயப்படுகிற ஊரில் இப்படிச் சொல்கிறானே என்று தோன்றலாம். கட்டுவிரியனைப் பகலில் பார்த்தவர்களுக்கு இது புரியும். நல்லபாம்பைப் போலப் படம் எடுப்பதில்லை, கண்ணாடி விரியனைப் போலக் குக்கர் விசில் அடிப்பதில்லை. ஒரு மீட்டர் நீளம், பளபளக்கும் கருப்பில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள். பகலில் சீண்டினால்கூடத் தலையை உடம்புச் சுருளுக்குள் மறைத்துக்கொண்டு கிடக்கும். நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையன் பாம்பும் கிட்டத்தட்ட இதே வேடத்தில் இருக்கும். வரையனுக்குக் கட்டுகள் கழுத்தருகே தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும், கட்டுவிரியனுக்கு வால் பக்கம்தான் அவை தெளிவாக இருக்கும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சோதனையில் இறங்காமல் இருப்பது நல்லது.

இரவில்தான் அது இரை தேடும். எலி, தவளை, பல்லி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிற பாம்புகள். தேடி வரும் வழியில் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. தரையில் படுத்திருப்பவர் புரளும்போது கையோ காலோ அதன் மேல் பட, கடித்துவிடுகிறது. பல் சிறியது. வலி பெரும்பாலும் எறும்பு கடித்த அளவுக்குக்கூட இருக்காது. சிலர் விழிப்பதே இல்லை. விழிப்பவர்களும் கொசு என்று தட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, பல் பதிந்த தடம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம்.

விடியற்காலையில் வயிற்றைப் பிசைந்து வலிக்கும், சிலருக்கு வாந்தி. வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு கண்ணிமை கீழே இறங்கும். நிமிர்த்திப் பார்த்தாலும் நிற்காது. எச்சில் விழுங்கக் கஷ்டம், பேச்சுக் குழறல், கழுத்து நிற்காமல் தொங்குவது என்று வரிசையாக வந்து, கடைசியில் மூச்சு. பாம்பைப் பார்க்காத, கடியை உணராத ஒருவரைப் பாம்புக்கடி என்று சந்தேகிப்பது அனுபவமுள்ள மருத்துவருக்கும் எளிதல்ல. விடிந்ததும் வயிற்றுவலியோடு இமை இறங்கினால் கட்டுவிரியனை நினை என்பது கிராமப்புற மருத்துவமனைகளில் பணியாற்றியவர்கள் சொல்லும் பாடம்.

உள்ளே நடப்பது நரம்பு–தசைச் சந்திப்பில்தான். கட்டுவிரியனின் நஞ்சில் பல புரதங்கள் இருந்தாலும் இரண்டு வகை முக்கியம். ஒரு வகை, தசையின் மேலிருக்கும் ஏற்பிகளில் போய் அடைத்துக்கொள்கிறது. அசிட்டைல்கோலின் வந்தாலும் உட்கார இடமில்லை. இன்னொரு வகை நரம்பின் முனையையே சிதைக்கிறது. அசிட்டைல்கோலினை அனுப்பவே ஆளில்லை. மோட்டார் நன்றாக இருக்கிறது, மின்சாரமும் வருகிறது, கனெக்‌ஷன் பெட்டிதான் இரண்டு பக்கமும் போய்விட்டது. கடிபட்டவர் நினைவோடு, நம் பேச்சைக் கேட்டுக்கொண்டு, விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடக்கலாம். பார்ப்பவர்கள் உயிர் போய்விட்டது என்றே நினைப்பார்கள்.

இந்த இரண்டாவது வகைச் சேதத்தை அறிந்தால் சிகிச்சையின் கணக்கும் புரிந்துவிடும். பாம்புக்கடி மருந்து ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சைப் பிடித்துக் கட்டிப்போடும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனையை அதனால் தைக்க முடியாது. அந்த முனை தானாக வளர்ந்து சேரச் சில நாட்கள் ஆகும். அதுவரை இயந்திரம் வைத்து மூச்சை நடத்திவிட்டால் ஆள் எழுந்து வீட்டுக்கு நடந்து போவார். கட்டுவிரியன் கடியில் உயிரைக் காப்பது பாதி மருந்து என்றால் மீதிப் பாதி வென்டிலேட்டர்.

நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துச் செய்யப்படுகிறது. அதற்கான நஞ்சை எடுத்துத் தருவதில் மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தபோதுதான் நம்மில் பலர் அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. இவ்வளவு பேர் புலிக்கோ யானைக்கோ இறந்திருந்தால் நாடாளுமன்றமே நடந்திருக்காது.

வலி யாருக்கான செய்தி?

குளவி கொட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. கட்டுவிரியன் கடித்தால் தெரியவே இல்லை. ஏன் இப்படி?

குளவியும் தேனீயும் நம்மைக் கொட்டுவது நம்மைத் தின்பதற்கு அல்ல, விரட்டுவதற்கு. விரட்ட வேண்டுமென்றால் வலிக்க வேண்டும். உடனே வலிக்க வேண்டும். அந்த வலிதான் அவற்றின் ஆயுதம். கட்டுவிரியனின் நஞ்சு வேட்டைக்கானது. அதன் இரை இன்னொரு பாம்பு. அது திருப்பிக் கடிப்பதற்குள் அசைவற்றுப் போனால் போதும், வலித்ததா இல்லையா என்பது கட்டுவிரியனுக்கு ஒரு பொருட்டே இல்லை. எல்லா உயிரினங்களுக்கும் இந்தக் கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தாது. கண்ணாடி விரியன் வேட்டைக்காரன்தான், ஆனால் அதன் கடி கடுமையாக வலிக்கும். இருந்தாலும் வலி குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்குக் கட்டுவிரியன் என்ற ஓர் உதாரணம் போதும்.

செடிகளிடம் வலிக்குப் பதில் கசப்பு இருக்கிறது. ஆடு மாடு அரளியை வாயில் வைத்ததுமே ஒதுக்குவதற்கு அதுதான் காரணம். தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாக அரளி நிற்பதற்கும் அதுவே ஒரு காரணம்: மாடு மேயாது, தண்ணீர் அதிகம் கேட்காது. ஆட்டுக்குப் புரிகிற எச்சரிக்கை எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் புரிவதில்லை.

மின்சாரமே பாயாத வயர்: பேத்தை மீன்

கரைவலையில் பேத்தை சிக்கினால் அது உடம்பை உப்பிப் பந்து மாதிரி ஆகிவிடும். குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை. பெரிய கண், சின்ன வாய், பொம்மை மாதிரி முகம். அதன் ஈரலிலும் சினையிலும், சில இனங்களில் தோலிலும், டெட்ரோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. இதை மீன் தானாகச் செய்வதில்லை, பாக்டீரியாக்கள் செய்கின்றன என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

நரம்பில் செய்தி பாய வேண்டுமென்றால் நரம்பின் சுவரிலுள்ள நுண்வாசல்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய வேண்டும். டெட்ரோடாக்சின் அந்த வாசலில் தக்கைபோல் அடைத்துக்கொள்ளும். மின்துடிப்பு வயரிலேயே நின்றுவிடும். முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு கைகால், பிறகு மூச்சு. மாற்று மருந்து கிடையாது, இங்கும் வென்டிலேட்டர்தான். மீனுக்கு மட்டும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அதன் நரம்பு வாசல்களின் வடிவம் சற்றே மாறியிருப்பதால் தக்கை அங்கே பொருந்துவதில்லை.

நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. இந்த நஞ்சு சமையல் சூட்டுக்கு அசைவதில்லை. ஜப்பானில் ஃபுகு என்ற பெயரில் இந்த மீனைச் சமைக்க உரிமம் பெற்ற சமையல்காரர் வேண்டும். அவர்கள் நஞ்சுள்ள உறுப்புகளை அறுத்து நீக்குகிறார்கள், நஞ்சை வேகவைத்துப் போக்குவதில்லை. 1774ல் கேப்டன் குக் தன் பயணத்தில் நியூ கலிடோனியாத் தீவருகே இந்த மீனின் ஈரலைக் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டுக் கைகால் மரத்துப்போய்த் தப்பித்ததை எழுதி வைத்திருக்கிறார். 2008ல் வங்கதேசத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிச் சாப்பிட்ட பலர் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தும் போனார்கள்.

கடற்கரை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில் கூம்பு வடிவச் சங்குகள் உண்டு. கோலம் போட்டது மாதிரி அழகான ஓடு. உள்ளே உயிருள்ள நத்தை இருந்தால், தூண்டில் முள் போன்ற ஒரு பல்லை நீட்டிக் குத்தும். இவற்றில் ஒருசில இனங்கள் மனிதர்களைக் கொன்றிருக்கின்றன. உயிருள்ள சங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்த வகை நத்தை ஒன்றின் நஞ்சைப் பார்த்துச் செய்த சிகோனோடைடு என்ற கடும் வலி நிவாரணிக்கு அமெரிக்காவில் 2004ல் அனுமதி கிடைத்தது என்பது உபரிச் செய்தி.

மோட்டாரையே குழப்புவது: அரளி

நரம்பு வேண்டாமல் தானாகத் துடிக்கும் இதயத்தை நேராகத் தாக்குவது அரளி. செவ்வரளி, வெள்ளரளி ஒரு செடி. மஞ்சள் பூப் பூக்கும் பொன்னரளி உறவுக்காரச் செடி. இரண்டிலும் எல்லாப் பாகங்களிலும் இதயக் கிளைக்கோசைடுகள் இருக்கின்றன. இதயத் தசையின் மேல் வேலை செய்யும் ஒரு வகைச் சேர்மங்களுக்கு அந்தப் பெயர்.

ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு சின்ன இறைப்பான் இருக்கிறது. 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளிவிட்டு 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். இடைவிடாமல் இதே வேலை. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957ல் இதைக் கண்டறிந்து எழுதினார், 40 ஆண்டு கழித்து 1997ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இதயம் சீராகத் துடிப்பது இந்த அயனிகளின் ஏற்றத்தாழ்வை நம்பித்தான். அரளியின் நஞ்சு இந்த இறைப்பானை நிறுத்துகிறது. உள்ளே சோடியம் தேங்கும், அதைத் தொடர்ந்து கால்சியம் கூடும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். துடிப்பு மந்தமாகி, தாளம் தப்பி, நின்றும் போகலாம்.

இதே இறைப்பானை அளவோடு மட்டுப்படுத்துகிற மருந்துதான் டிஜாக்சின், இதய நோயாளிகள் பலருக்குத் தெரிந்த பெயர். அது இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் 1785ல் எதைப் பற்றி எழுதினாரோ அந்த டிஜிட்டாலிஸ் செடியின் வழியில் வந்தது. டிஜாக்சினுக்கு எதிராகச் செய்த மருந்தே பொன்னரளி நஞ்சுக்கும் கேட்கிறது என்று இலங்கையில் நடந்த சோதனையொன்று 2000ல் காட்டியது. விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

கேரளத்தில் 2024 மே மாதம், அரளியைத் தின்றதால் இறந்திருக்கலாம் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணின் மரணத்துக்குப் பின், திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்ப்பதை நிறுத்தின. சாமிக்கு மாலையாகப் போடுவதில் பிரச்சினை இல்லை. பிரசாதத்தோடு வாய்க்குப் போகக் கூடாது. என்னைக் கேட்டால் நம் கோயில்களும் இந்த ஒரு விஷயத்தில் அவர்களைப் பார்த்துச் செய்யலாம்.

கொஞ்சம் நிறுத்தித் திரும்பிப் பார்ப்போம். கட்டுவிரியன் கனெக்‌ஷனை, பேத்தை வயரை, அரளி மோட்டாரைத் தாக்குகின்றன. அடுத்து வரும் இரண்டுக்கும் இந்த உவமை உதவாது. அவை ஓடும் இயந்திரத்தை விட்டுவிட்டு, உடம்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையில் கைவைக்கின்றன.

செல் பிரிவதை நிறுத்துவது: செங்காந்தள்

தமிழ்நாட்டின் மாநிலப் பூ. பெண்களின் விரலுக்கு உவமையாகச் சங்கப் புலவர்கள் காட்டிய பூ. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ, விவசாயிகள் வாயில் கண்வலிக் கிழங்கு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதைப் பந்தலில் ஏற்றிப் பயிர் செய்கிறார்கள். மகரந்தத்தைக் கையாலேயே எடுத்துச் சேர்க்கும் வேலையும் உண்டு. விதைக்கு மருந்துத் தொழிலில் கிராக்கி. காரணம் அதிலிருக்கும் கோல்சிசின், கீல்வாதத்தில் ஒரு வகையான கவுட் நோய்க்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் மருந்து.

அதே கோல்சிசின்தான் நஞ்சும். கிழங்கிலும் விதையிலும் அதிகம், பூ இலை எதிலும் இல்லாமல் இல்லை. கிழங்கைப் பார்த்தால் ஏதோ வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும். வள்ளி என்று நினைத்து வேகவைத்துச் சாப்பிட்டவர்கள் இலங்கையிலும் இங்கும் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது தன் மரபுப்பொருளைச் சரிபாதியாகப் பங்கிட வேண்டும். அதற்காகச் செல்லுக்குள் தற்காலிகமாகச் சில இழைகள் உருவாகி, பங்குகளை இரு பக்கமும் இழுக்கும். இந்த இழைகளுக்கு நுண்குழல்கள் என்று பெயர். கோல்சிசின் அவை உருவாகவிடாமல் தடுக்கிறது. பிரியத் தொடங்கிய செல் பாதியில் அப்படியே நின்று, பிறகு செத்துப்போகிறது. (செடி வளர்ப்பு விஞ்ஞானிகள் இந்தத் தடையையே சாதகமாக்கிக்கொண்டார்கள். பங்கு பிரியாமல் இரட்டிப்பாகிப் போன மரபுப்பொருளைக் கொண்ட செடிகளை உண்டாக்கி, அதன் வழியாகத்தான் விதையில்லாத் தர்பூசணிவரை வந்தார்கள்.)

சரி, உடம்பில் இது யாரை முதலில் பாதிக்கும்? யார் வேகமாகப் பிரிகிறார்களோ அவர்களை. குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. எலும்பு மஜ்ஜை விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்து தள்ளுகிறது. தலைமுடியின் வேரும் அப்படியே. சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், ஃபுட் பாய்சன் என்று நினைத்துவிடுவார்கள். வயிறு கொஞ்சம் அடங்கினாற்போல் இருக்கும்போது, அடுத்த சில நாட்களில் வெள்ளணுக்கள் சரியும், கிருமித்தொற்று புகும், சிறுநீரகமும் இதயமும் தடுமாறும். இதையெல்லாம் கடந்து பிழைத்தவருக்கு இரண்டு வாரம் வாக்கில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். இலங்கையில் ஒருவருக்கு இப்படி முடி முழுவதும் கொட்டியது 1966லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. முடி பிறகு முளைத்துவிடும்.

இந்தக் காலதாமதத்தைத்தான் நான் மிகவும் ஆபத்தாக நினைக்கிறேன். தின்றதற்கும் பெரிய விளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி விழுந்தால், யாருக்கும் கிழங்கு நினைவுக்கு வராது.

புரத ஆலையை மூடுவது: குன்றிமணி

பொற்கொல்லர்கள் எடைக்கல்லாக வைத்திருந்த விதை. சிவப்பில் கருப்புப் பொட்டு, பார்த்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். இதிலிருக்கும் அப்ரின் ஒரு புரதம். செல்லுக்குள் புரதங்களைச் செய்கிற நுண் ஆலைகளுக்கு ரைபோசோம் என்று பெயர். அப்ரின் உள்ளே புகுந்து அந்த ஆலைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்துகொண்டே போகும். ஒன்றை முடித்ததும் தான் தீர்ந்துபோவதில்லை, அடுத்ததற்குப் போகிறது. புரதம் கிடைக்காத செல் சாகிறது. மாற்று மருந்து இல்லை.

பிறகு எப்படி நம் பாட்டிமார்கள் பல்லாங்குழியில் வைத்து ஆடினார்கள்? விதையின் ஓடு அவ்வளவு கெட்டி. ஓடு உடையாமல் இருக்கும்வரை கையில் வைத்து விளையாடுவதால் ஒன்றும் ஆகாது. முழுதாக விழுங்கினாலும் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஆபத்து ஓடு உடைந்த விதையில், மணி கோக்கத் துளையிட்ட விதையிலும்கூட. 2011ல் பிரிட்டனின் ஈடன் ப்ராஜெக்ட் என்ற தாவரத் தோட்டம், தான் விற்ற குன்றிமணிக் கைவளைகளைத் திரும்பப் பெற்றது.

ஆமணக்கின் ரிசினும் இதே குடும்பம். விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தவர்கள் பயப்பட வேண்டாம், ரிசின் எண்ணெயில் கரையாது, புண்ணாக்கில்தான் தங்கும். தோட்டத்துக்கு ஆமணக்குப் புண்ணாக்கு வாங்கிப் போடுகிறவர்கள் வீட்டு நாய்க்கு எட்டாமல் வையுங்கள். அதன் வாசனை நாய்களுக்குப் பிடிக்கும்.

என்ன செய்யலாம்?

கட்டுவிரியனுக்குத் தடுப்பு மலிவானது. தரையை விட்டுக் கட்டிலுக்கு ஏறுவது. முடியாவிட்டால் கொசுவலையைக் கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுவது. நேபாளத்தின் தராய்ப் பகுதியில் செய்த ஆய்வு, வலைக்குள் தூங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று காட்டியிருக்கிறது. இரவில் டார்ச் இல்லாமல் பின்கட்டுக்குப் போகக் கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன்.

கடித்துவிட்டால், அல்லது கடித்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, வலிக்கவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம். கைகால் உடைந்தால் எப்படி அசையாமல் வைப்போமோ அப்படிக் கடிபட்ட உறுப்பை வைத்து, 108ஐக் கூப்பிட்டு, வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனையை நோக்கிப் போக வேண்டும். பாம்பைப் பிடித்தோ அடித்தோ எடுத்துப் போக வேண்டிய அவசியமில்லை; பலர் அந்த முயற்சியில் இரண்டாவது கடி வாங்கியிருக்கிறார்கள்.

குழந்தை விதையையோ கிழங்கையோ வாயில் போட்டுவிட்டால் வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு, வாயைக் கழுவி, கிளம்பிவிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது பழைய வழக்கம். அது மூச்சுக்குழலில் ஏறிவிடும் என்பதால் மருத்துவர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள். குழந்தை ஓடியாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவர் ஓரிரு நாள் வைத்துப் பார்க்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். போகும்போது அந்தச் செடியின் இலை, பூ, காய் என்று எது கிடைக்கிறதோ அதில் ஒரு கொத்தைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஊர்ப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். செடியைக் கண்ணால் பார்த்துவிட்டால் எந்த நஞ்சு, எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுவிடுவார்.